மாடியில பேனல் ஏத்துறதுக்கு முன்னாடி இ.பி. அட்டையை எடுங்க

பழைய வண்ணாரப்பேட்டையில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பத்தாவது ரிசல்ட்னு எல்லாம் பார்க்கிற அதே டேபிள்லதான் இப்ப சோலார் மானியத்துக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். வர்றவங்க முதல்ல கேட்கிறது, "அக்கா, அந்த 78,000 எப்ப வரும்?" நான் திருப்பிக் கேட்கிறது, "இ.பி. கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?" அதுக்குச் சரியான பதில் இருந்தா பாதி வேலை முடிஞ்சிடுச்சு. இல்லன்னா பேனல் மாட்டித் தர்ற வெண்டரைக் கூப்பிட்டு மாடியை அளக்கச் சொல்றதுல பிரயோஜனமே இல்ல.

திட்டத்தோட பேரு பி.எம். சூர்ய கர். 2024 பிப்ரவரியில ஒன்றிய அரசு ஆரம்பிச்சது. நாடு முழுக்க 1 கோடி வீடுகளுக்குன்னு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்காங்க, 2026-27 நிதியாண்டு வரைக்கும். மானியக் கணக்கு எளிசு. முதல் 2 கிலோவாட் வரைக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாய், மூணாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 1 கிலோவாட் போட்டா 30,000, 2 போட்டா 60,000, 3 போட்டா 78,000. அதுக்கு மேல 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான்.

குளிர் தேசங்கள்ல வீட்டைச் சூடாக்குற பாய்லரை மாத்துறதுக்கு அரசாங்கம் பணம் தருதுன்னு கேள்விப்பட்டு ஒருத்தர் வந்து, "நமக்கும் அந்த மாதிரி ஏதாவது இருக்காம்மா?"ன்னு கேட்டார். நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்? வீட்டுக்குள்ள நமக்கு வேணும்கிற சூடு மார்கழிக் காலையில கீசர், மூணு வேளையும் அடுப்பு, அவ்வளவுதான். மாடியில வைக்கிற சோலார் வாட்டர் ஹீட்டருக்கு இந்தத் திட்டத்துல மானியம் கிடையாது, கரண்ட் எடுக்கிற பேனலுக்கு மட்டும்தான். ஆனா அந்தக் கரண்ட்ல கீசரும் ஓடும், இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும். "வாட்டர் ஹீட்டருக்கும் இதே மானியம் வாங்கித் தர்றேன்"னு யாராவது நோட்டீஸ் நீட்டினா அதை மடிச்சு வச்சுட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

எத்தனை கிலோவாட்?

இங்கதான் நிறைய பேர் தேவையில்லாம பணத்தைக் கொட்டுறாங்க. எந்த வீட்டுக்கு எவ்வளவு போடலாம்னு அரசாங்கமே ஒரு அட்டவணை கொடுத்திருக்கு. 150 யூனிட் வரைக்கும் செலவானா 1லேர்ந்து 2 கிலோவாட், 150லேர்ந்து 300 வரைக்கும்னா 2லேர்ந்து 3, 300க்கு மேலன்னா 3க்கு மேல. அது மாசக் கணக்கு. நம்ம ஊர்ல ரீடிங் எடுக்கிறது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அட்டையில 620 யூனிட்னு இருக்கிறதைப் பார்த்ததும் "உங்களுக்கு 5 கிலோவாட் வேணும் சார்"னு வெண்டர் சொல்வாரு. 620ஐ ரெண்டா வகுத்தா மாசம் 310. சென்னை வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியில ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட்னா நாளைக்கு 12, ரெண்டு மாசத்துக்கு 720. அட்டவணையில 300ஐக் கொஞ்சம் தாண்டினாலும் அந்த வீட்டுக்கு 3 போதும், மீதி 2 கிலோவாட்டுக்கு மானியம் ஒரு பைசா வராது.

ஒரே ஒரு பில்லை வச்சுக் கணக்குப் போடாதீங்க. ஏப்ரல், மே மாசம் ஏ.சி. ஓடின பில் ஒரு மாதிரி இருக்கும், டிசம்பர் பில் வேற மாதிரி இருக்கும். ஒரு வருஷத்துல வர்ற 6 ரீடிங்கையும் கூட்டி 12ஆல வகுத்தா மாசத்துக்கு என்னன்னு தெரியும். பழைய பில்லெல்லாம் மின்வாரிய இணையதளத்துலயே சர்வீஸ் நம்பரைப் போட்டா வந்துடும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓடுற வீடா இருந்தா, முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம், மீதிக்குக் கட்டுறது சொற்பம். அவங்களை நான் "வேணாம்"னு சொல்லித்தான் அனுப்புவேன். என் சர்வீஸ் சார்ஜ் போனாப் போகட்டும். 500ஐத் தாண்டுற வீடுங்களுக்குத்தான் இது நிஜமான லாபம், ஏன்னா 500க்கு மேல போனதும் கட்டணப் படியே மாறிடுது, ஒவ்வொரு யூனிட்டும் கடிக்கும். பேனல் வந்து பில்லை 500க்குக் கீழ இழுத்துட்டா மிச்சமாகிறது வெறும் அந்த யூனிட்டோட காசு மட்டும் இல்ல.

பேர்தான் முதல் வேலை

வடசென்னையில பாதி வீடு தாத்தா கட்டினது. பின்னி மில்லுலயோ ஹார்பர்லயோ வேலை பார்த்து, சீட்டுப் போட்டு, தளம் போட்ட வீடு. தாத்தா போய் ரொம்ப வருஷமாச்சு, கனெக்‌ஷன் மட்டும் இன்னும் அவர் பேர்லயே இருக்கும். "நைனா பேர்லதான் மீட்டர் இருக்கு, நைனா இல்ல, நான்தான் பில் கட்டுறேன், போதாதா?"ன்னு கேட்பாங்க. போதாது. விண்ணப்பம் போடுறவர் பேரும் இ.பி. பில்லுல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும், மானியம் போய் விழுற பேங்க் கணக்கும் அவர் பேர்லயே இருக்கணும். செத்தவர் பேர்ல கணக்கு எங்க இருக்கும்?

அதனால முதல்ல பேர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுத்த கடிதம், இதையெல்லாம் சேர்த்து ஆன்லைன்லயே போடலாம். அந்தக் கடைசிக் கடிதத்துலதான் பல வீட்டுல வண்டி நிக்கும். மூணு அண்ணன் தம்பி, ஆளுக்கு ஒரு மாடி, மொட்டை மாடி யாருக்குன்னு யாரும் எழுதி வச்சதில்ல. கீழ்வீட்டுக்காரர் பேர்ல பேனல் ஏறிட்டா மாடியே அவருதுன்னு ஆகிடுமோன்னு மேல் வீட்டு அண்ணிக்குப் பயம் இருக்கும், அதுல நியாயமும் இருக்கு. உட்கார்ந்து பேசி, எந்தப் பக்கம் பேனல், எந்தப் பக்கம் துணி காயப் போடுற இடம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் என்கிட்ட வாங்க.

இனிஷியல் விஷயம் இன்னொரு தலைவலி. இ.பி. அட்டையில "எம். செல்வி"ன்னு இருக்கும், ஆதார்ல "செல்வி முனுசாமி"ன்னு இருக்கும், பாஸ்புக்ல "செல்வி எம்"னு இருக்கும். நமக்கு மூணும் ஒரே ஆள்தான்னு தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. மூணையும் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பார்த்துட்டு, எதை மாத்துறது சுலபமோ அதை முதல்ல மாத்திடுங்க. பேங்க்ல மாத்துறது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

ஒரே கட்டடத்துல நாலு மீட்டர் இருந்தா எதுல போடுறது? பேனல் எந்த சர்வீஸ் நம்பர்ல சேருதோ அந்த பில்லுலதான் கழியும். வாடகைக்கு விட்ட போர்ஷனோட மீட்டர்ல கழியாது. ஏ.சி.யும் கீசரும் எந்த மீட்டர்ல ஓடுதோ அதுலயே போடுங்க. முன்னாடியே வேற சோலார் திட்டத்துல மானியம் வாங்கின வீடா இருந்தா இதுல திரும்பக் கிடைக்காது. அபார்ட்மெண்டா இருந்தா சங்கத்துக்குன்னு தனிக் கணக்கு: மோட்டார், லிஃப்ட், வராண்டா லைட் மாதிரி பொதுச் செலவுக்குப் போடுற பேனலுக்கு கிலோவாட்டுக்கு 18,000.

விண்ணப்பம் நடக்கிற விதம்

பி.எம். சூர்ய கர் தேசிய போர்ட்டல்ல மாநிலம், மின்வாரியம், சர்வீஸ் நம்பர், மொபைல் நம்பர் கொடுத்துப் பதியணும். நம்ம பக்கத்து சர்வீஸ் நம்பர் 01னு ஆரம்பிக்கும், அது சென்னை வடக்கு மண்டலத்தோட எண். அந்த சைபரை விட்டுட்டு அடிச்சா "நம்பர் தப்பு"ன்னு வந்து நிக்கும், பதறாதீங்க. மொபைல் எப்பவும் கையில இருக்கிற நம்பரா கொடுங்க, ஏன்னா ஒவ்வொரு கட்டத்துலயும் ஓ.டி.பி. வரும். துபாய்ல இருக்கிற பையன் நம்பரைக் கொடுத்துட்டு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல ஓ.டி.பி. கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். வெண்டர் நம்பரை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீங்க. போர்ட்டல் முகவரி "ஜிஓவி டாட் இன்"னு முடியுதான்னும் பார்த்துக்குங்க. மானியத்தை ரிலீஸ் பண்ண முன்பணம் கட்டச் சொல்லி எந்த அரசு ஆபீஸும் போன் பண்ணாது.

10 கிலோவாட் வரைக்கும், உங்க லைன்ல பேனலைச் சேர்க்கலாம்கிற தொழில்நுட்பச் சம்மதம் தானாகவே கிடைச்சிடும், அதுக்காக செக்‌ஷன் ஆபீஸ் படியேற வேண்டாம். 5 கிலோவாட் வரைக்கும் தெருவுல ஒயரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலப்படுத்த வேண்டியிருந்தா அந்தச் செலவு மின் விநியோக நிறுவனத்தோடது, நம்ம தலையில இல்ல. அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பேசுங்க.

அப்புறம் போர்ட்டல்ல பதிவு செஞ்ச வெண்டர்ங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடணும். குறைஞ்சது மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க. மானியம் நிர்ணயிக்கும்போது அரசாங்கம் எடுத்துக்கிட்ட அடிப்படை விலை முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 50,000, மூணாவதுக்கு 45,000. அதாவது 3 கிலோவாட்டுக்கு 1,45,000. சந்தையில அதுக்கு மேலதான் சொல்வாங்க, ஆனா எங்கயிருந்து பேரத்தை ஆரம்பிக்கிறதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். 2025 செப்டம்பர்லேர்ந்து சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. கொட்டேஷன்ல பழைய வரி போட்டிருந்தா கேளுங்க.

பணத்தைப் பத்தி நான் எல்லார்கிட்டயும் ரெண்டு தடவை சொல்றது இதுதான்: மானியம் கடைசியிலதான் வரும். முழுத் தொகையையும் முதல்ல நீங்க வெண்டருக்குக் கொடுக்கணும். பேனல் ஏறி, வாரியத்துக்காரங்க வந்து பார்த்து, வாங்குற கரண்ட், கொடுக்கிற கரண்ட் ரெண்டையும் எண்ணுற நெட் மீட்டர் மாட்டி, பேனல் ஓட ஆரம்பிச்சிடுச்சுங்கிற இயக்கச் சான்று போர்ட்டல்ல ஏறின பிறகு பேங்க் விவரமும் கேன்சல் செக்கும் போட்டாத்தான் 30 நாள்ல பணம் உங்க கணக்குக்கு வரும்னு விதி. 78,000 வர்றதை நம்பி வட்டிக்கு வாங்கி வெண்டருக்குக் கொடுத்துட்டு நாள் எண்ணாதீங்க. கையில பணம் இல்லன்னா அரசு வங்கிகள்ல இதுக்குன்னே அடமானம் கேட்காத கடன் இருக்கு. 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சத்துக்குள்ள தருவாங்க, வட்டி, ரிசர்வ் வங்கி மத்த வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ விகிதத்துக்கு மேல அரை சதவீதம். கந்து வட்டிக்காரரோட தினத்தண்டலைப் பார்த்து வளர்ந்த நம்ம ஏரியாவுக்கு இது கிட்டத்தட்ட தர்மக் கடன். பத்து சதவீதம் மட்டும் நம்ம கையிலேர்ந்து போடணும்.

வெண்டர்கிட்ட கேட்க வேண்டியது

பேனல் இந்தியாவுல செஞ்சதா இருந்தா மட்டும் பத்தாது, அதுக்குள்ள இருக்கிற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். டி.சி.ஆர். பேனல்னு கேட்டா வெண்டருக்குப் புரியும். அப்படி இல்லாத பேனல் விலை குறைவு, "அதே வாட்ஸ்தான் சார், யாரு பார்க்கப் போறா"ம்பாங்க. ஒவ்வொரு பேனலோட சீரியல் நம்பரும் போர்ட்டல்ல ஏறும், டி.சி.ஆர். இல்லன்னா மானியம் இல்ல. மாட்டுறதுக்கு முன்னாடி கீழயே வச்சு ஒவ்வொரு பேனலோட பின்பக்க ஸ்டிக்கரையும் போன்ல படம் பிடிச்சுக்குங்க. மேல ஏத்தி மாட்டிட்டா அந்த ஸ்டிக்கரைப் பார்க்க மல்லாக்கப் படுக்கணும்.

பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டரும் பேனலும், ரெண்டுல எது குறைவோ அதுக்குத்தான் மானியம். இன்வெர்ட்டர் 3 கிலோவாட்னு பெருசா எழுதியிருக்கும், மேல எண்ணினா 540 வாட் பேனல் 5தான் இருக்கும். அது 2.7 கிலோவாட். மானியம் 72,600தான் வரும். 6 பேனல் போட்டாத்தான் 78,000. ஒப்பந்தத்துல பேனல் எண்ணிக்கை, வாட்ஸ், கம்பெனி பேர் மூணையும் எழுத வையுங்க. 5 வருஷப் பராமரிப்பு வெண்டரோட பொறுப்பு, அதையும் சேர்த்து எழுதுங்க.

கடல், கரி, காத்து

இணையத்துல இருக்கிற வழிகாட்டிங்கள்ல இது கிடைக்காது, அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஜன்னல் கம்பி எவ்வளவு வேகமா துரு ஏறி உதிரும்னு உங்களுக்குத் தெரியும். பேனலைத் தாங்குற ஸ்டேண்டுக்கும் அதே உப்புக் காத்துதான். மேல பெயிண்ட் மட்டும் அடிச்ச இரும்பு வேணாம், உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த ஜி.ஐ. வேணும். முக்கியமா போல்ட், நட்டு. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரவாயில்ல, கடல்லேர்ந்து நாலு தெருவுக்குள்ள இருந்தா 316 கேளுங்க. ஸ்டேண்டை மாடியிலயே வெல்டு வச்சா அந்த இடத்துல பூச்சு போயிடும், துரு அங்கதான் பிடிக்கும். பேனலுக்கு உப்புக் காத்துச் சோதனை ஒண்ணு இருக்கு, ஐ.இ.சி. 61701. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்க.

ராயபுரத்துல ஒரு காலத்துல மாடியில வெள்ளை வேட்டி காயப் போட முடியாது, ஹார்பர் நிலக்கரி வந்து படியும். 2011ல கோர்ட் உத்தரவால அது நின்னுச்சு. இப்ப எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல், மணலி ரோட்டுல கண்டெய்னர் லாரிப் புழுதி. பேனல்ல படிஞ்சா உற்பத்தி குறையும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது காலையிலயோ சாயங்காலமோ கழுவணும். உச்சி வெயில்ல சுடுற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. கரையோரப் போர்த் தண்ணியும் ஆகாது, காய்ஞ்சதும் வெள்ளையா உப்புப் பூத்து நிக்கும். மெட்ரோ வாட்டர் ஒரு குடம் எடுத்து வச்சு, மெதுவான துடைப்பானால தேச்சாலே போதும். இதுக்குப் பேனலுக்கு நடுவுல கை போற இடம் வேணும். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடின்னு சொல்றது அந்த இடத்தையும் சேர்த்துத்தான். துணி காயப் போட, வடகம் பிழிய கீழ இடம் வேணும்னா ஸ்டேண்டை எட்டடி உயர்த்தலாம், அதுக்கு ஆகிற கூடுதல் செலவு நம்மளோடது.

உயர்த்தினா காத்து பிடிக்கும். 2016 வர்தா புயல்ல பறந்த தகரத்தை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டோம். கட்டட விதிப்படி சென்னைக்கு எடுத்துக்கிற அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டேண்ட் டிசைன் அந்த வேகத்துக்குப் போட்டதான்னு எழுத்துல கேளுங்க. வெறும் சிமெண்ட் கட்டையைக் கால்ல வச்சு நிறுத்துறது பத்தாது, தளத்தோட பிணைச்சிருக்கணும், ஓட்டை போட்ட இடத்துல ஒழுகாம பூசியிருக்கணும். தேக்கு உத்திரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா, ஒரு பேனலே 25 கிலோவுக்கு மேல, முதல்ல ஒரு இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல நேரா ஏத்தாதீங்க.

நிழலையும் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருஷம் ரெண்டாவது மாடி எழுப்பப் போறாரான்னு கேட்டுக்குங்க. ஒரே வரிசையில கோத்த பேனல்ல ஒண்ணு மேல சின்டெக்ஸ் டேங்க் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் சுணங்கும்.

கரண்ட் போனா?

இதைச் சொன்னா நிறைய பேருக்கு முகம் வாடிடும். மானியத்துல பெரும்பாலும் போடுறது பேட்டரி இல்லாம வாரியத்தோட லைன்லயே சேர்த்து ஓடுற ஆன்-கிரிட். தெருவுல கரண்ட் போனா, வெயில் கொளுத்தினாலும் உங்க பேனலும் நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை செய்யற லைன்மேனுக்கு உங்க வீட்டுக் கரண்ட் பாய்ஞ்சிடக் கூடாதில்ல, அதுக்காகத்தான் அப்படி. வீட்டுல இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை எடைக்குப் போட்டுடாதீங்க. இண்டக்‌ஷனுக்கு மாறினாலும் ஒரு சிலிண்டர் வீட்டுல இருக்கட்டும்.

காலையில ஆறு மணிக்கு கீசர் போடும்போது பேனல் இன்னும் கண்ணையே திறந்திருக்காது. அது பரவாயில்ல. 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினா 1 யூனிட், அதை வாரியத்துகிட்ட வாங்குறீங்க. மத்தியானம் வீடு பூட்டியிருக்கும்போது பேனல் தர்றதை வாரியத்துக்குக் கொடுக்கிறீங்க. நெட் மீட்டர் ரெண்டையும் எண்ணிக் கழிச்சுக்கும், மீந்தது அடுத்த பில்லுக்குப் போகும்.

பழைய மீட்டரைக் கழட்டுற அன்னைக்கு அதோட கடைசி ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்து வையுங்க. புது மீட்டர்ல பட்டனை அழுத்தினா இம்போர்ட், எக்ஸ்போர்ட்னு ரெண்டு எண் மாறி மாறி வரும். வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டையும் காலண்டர்ல எழுதுங்க. பில்லுல ஒரு எண்ணுதான் வந்திருந்தா மீட்டர் மாறினது இன்னும் கணக்குல ஏறலைன்னு அர்த்தம், மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் 94987 94987ல புகாரைப் பதிஞ்சு நம்பர் வாங்கிட்டு செக்‌ஷன் ஆபீஸுக்குப் போங்க. நல்ல வெயில் அடிச்ச வாரத்துலயும் எக்ஸ்போர்ட் எண் அசையலைன்னா அடுத்த ரீடிங் வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்வெர்ட்டர்ல சிவப்பு விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு, அன்னைக்கே வெண்டருக்குப் போன் போடுங்க.